இலக்கை வைப்பது யார்?

மாற்கு நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில், தம்மால் என்ன ஆகவேண்டும் என்ற ஒரே கேள்வியை இயேசு இரண்டு தரப்பிடம் கேட்கிறார். செபெதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் மகிமையில் வலப்பக்கமும் இடப்பக்கமும் இருக்கை கேட்கிறார்கள். கிடைக்கவில்லை, பணிவிடையைப் பற்றிய பாடம்தான் கிடைக்கிறது. அடுத்த காட்சியில், எரிகோவின் வழியோரம் உட்கார்ந்திருந்த பர்திமேயு பார்வை கேட்கிறான், பெறுகிறான். இயேசு பதில் சொன்னதைவிடக் கேள்வி கேட்டதே அதிகம், எனவே அவரே முதல் கோச் என்று வாதிடுபவர்களுக்குப் பர்திமேயு நன்றாகக் கைகொடுக்கிறான். செபெதேயுவின் மக்களை வைத்துக்கொண்டுதான் என்ன செய்வதென்று தெரியாது. கோச்சிங் என்ற தொழிலுக்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் உள்ள உறவின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தொழில் என்ற அளவில் கோச்சிங்குக்கு வயது குறைவு. டென்னிஸ் கற்றுக்கொடுத்த டிமதி கால்வே 1974-இல் எழுதிய புத்தகம், ஆட்டக்காரரைக் கெடுப்பது அவருக்குள் ஓயாமல் குறைசொல்லும் குரல்தான் என்றது. அந்தச் சிந்தனையை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் முன்னாள் கார்ப் பந்தய வீரர் ஜான் விட்மோர். இலக்கு, இப்போதைய நிலை, இருக்கும் வழிகள், செய்யப்போவது என்று நான்கு படிகளில் பேச்சை நடத்தும் முறை அவருடைய 1992-ஆம் ஆண்டுப் புத்தகத்தால் பரவியது. 1995-இல் தாமஸ் லெனார்ட் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் பன்னாட்டுக் கோச்சிங் கூட்டமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் நிலைச் சான்றிதழுக்கு 100 மணி நேர அனுபவம் வேண்டும், உச்ச நிலைக்கு 2,500 மணி நேரம். சான்றிதழ் கட்டாயமில்லை என்பது வேறு விஷயம்: உளவள ஆலோசகரிடம் உரிமம் கேட்கும் அமெரிக்க மாநிலங்கள், கோச் என்று பலகை மாட்டுபவரிடம் பொதுவாக எதையும் கேட்பதில்லை. 2001-இல் உளவியலாளர் கேரி காலின்ஸ் ‘கிறிஸ்தவக் கோச்சிங்’ என்ற தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார். போதகர்களும் ஊழியத் தலைவர்களும் கோச் வைத்துக்கொள்வது இன்று அங்கே புதினமல்ல.

அமர்வு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், தொலைபேசியிலேயே முடியும். எதைப் பேசுவது என்று வருபவரே தீர்மானிப்பார். ‘பேசி முடிக்கும்போது உங்கள் கையில் என்ன இருக்கவேண்டும்?’ என்று கோச் தொடங்குவார். பதிலிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கவேண்டும். மௌனம் நீண்டால் அதை நிரப்ப முந்தக்கூடாது. தன் அனுபவத்தை அவிழ்த்துவிடுவது பிழை, அறிவுரை சொல்வது அதைவிடப் பெரிய பிழை. ‘மனைவியிடம் பேசிப் பார்த்தால் என்ன?’ என்பதுகூடக் கேள்விக்குறி போட்ட அறிவுரைதான். கடைசியில், எதை எப்போது செய்யப்போகிறீர்கள், செய்தது எனக்கு எப்படித் தெரியவரும் என்று இரண்டு கேள்விகள். எழுதிப் பார்த்தால் எளிது. பேசுவதையே பிழைப்பாகக் கொண்ட போதகர் இதைப் பழக முயன்றால் தெரியும் கஷ்டம்.

இந்த அடக்கத்தின் அருமை, அது இல்லாமற்போன இடத்தில்தான் விளங்கும். 1970-களில் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலை மையமாகக் கொண்டு பரவிய ‘மேய்த்தல் இயக்கம்’ ஒவ்வொரு விசுவாசிக்கும் மேலே ஒரு மேய்ப்பரை வைத்தது. யாரைக் கல்யாணம் செய்வது, எந்த வேலைக்குப் போவது என்பதுவரை மேய்ப்பரின் சம்மதம் வாங்கவேண்டிய நிலை பல இடங்களில் வந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் பின்னாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆண்டவர் பெயரைச் சொல்லி அடுத்தவர் வாழ்க்கையை நடத்தும் ஆசை சபைக்குள் என்றைக்கும் உண்டு. அடுத்தவர் பேசக் காது கொடுப்பதையே தேர்ச்சியாக மதிக்கும் ஒரு தொழிலிடம் சபை படிக்கவேண்டியது நிறையவே இருக்கிறது.

சொல்லப்போனால், சபை மறந்துபோன சொந்தப் பாடம் அது. 1548-இல் அச்சான இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் 15-ஆவது முன்குறிப்பு, பயிற்சி கொடுப்பவர் எந்தப் பக்கமும் சாயாத தராசாக இருக்கவேண்டும் என்கிறது. துறவறத்துக்குப் போகும்படிகூட அவர் தூண்டக்கூடாது. படைத்தவரும் படைப்பும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி நிற்கவேண்டும். கோச்சிங் கையேட்டில் அப்படியே சேர்த்துவிடலாம் போலிருக்கும். ஆனால் முதல் வாரப் பயிற்சிகளின் வாசலிலேயே அந்த நூல் அடித்தளமாக இன்னொன்றையும் வைத்திருக்கிறது: மனிதன் படைக்கப்பட்டது கடவுளைப் போற்றிப் பணிந்து மீட்படைய, மற்ற எல்லாம் அதற்கு உதவும் அளவுக்கே, ஆகவே செல்வமா வறுமையா, நீண்ட ஆயுளா குறுகிய ஆயுளா என்பதில் பற்று கூடாது. இலக்கு முன்கூட்டியே நாட்டப்பட்டுவிட்டது. அதனால்தான் வழிகளைப் பற்றி வழிகாட்டி வாய்திறக்காமல் இருக்க முடிகிறது. நவீன கோச்சிங் தராசை எடுத்துக்கொண்டு அடித்தளத்தை விட்டுவிட்டது. அதன் முதல் படியே இலக்கு. அதை வைப்பவர் கட்டணம் கொடுப்பவர்.

மூன்றாண்டுக்குள் சபையை இரட்டிப்பாக்கவேண்டும் என்று ஒரு போதகர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணிக்கை உங்களுக்கு ஏன் முக்கியம் என்று நல்ல கோச் கேட்பார். ஆத்தும பாரம் என்று பதில் வந்தால், இவருக்குள்ளே ஓடுவது பக்கத்துத் தெருச் சபையின் கூட்டம் என்று தோன்றினாலும், அவர் மனத்துக்கு அவரே அதிகாரி என்று விட்டுவிடுவதுதான் முறை. விசுவாசம் இங்கே முரண்படுகிறது. மனித இருதயம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் என்பது எரேமியா காலத்துச் செய்தி. ஃபின்கென்வால்டே இறையியல் பயிலகத்து அனுபவத்தை வைத்து 1939-இல் டீட்ரிச் போன்ஹோஃபர் வெளியிட்ட நூலும், தனக்குள் தேடிக் கிடைக்காத வார்த்தையைச் சகோதரன் வெளியிலிருந்து கொண்டுவரவேண்டும் என்றுதான் வற்புறுத்துகிறது.

இதை வைத்துக் கோச்சிங்கை, கிருபையைவிட மனித ஆற்றலை நம்பியதாகச் சபை கண்டித்த பெலாஜியஸின் மறுபிறப்பு என்று தள்ளிவிடுவது மலிவான தீர்ப்பு. சுமார் 413-இல், டெமெட்ரியாஸ் என்ற உயர்குடி ரோமப் பெண் கன்னிமை விரதம் ஏற்றபோது, அவள் குடும்பம் பெலாஜியஸிடம் அறிவுரைக் கடிதம் கேட்டது. மனித இயல்பின் ஆற்றலை முதலில் காட்டினால்தான் ஒருவர் நடக்கத் துணிவார் என்று அவர் தொடங்கினார். பின்னர் அகுஸ்தீன் அவள் தாய்க்கு அனுப்பிய எச்சரிக்கை, ஊக்கம் கொடுத்ததைக் கண்டிக்கவில்லை. ஆன்மச் செல்வம் அவளிடமிருந்தே வருவது என்ற கருத்தைத்தான் பிடித்துக்கொண்டது. உங்களால் முடியும் என்று ஒரு கோச் சொல்வதில் குற்றமில்லை. வருபவர் குறையற்ற முழுமையானவர் என்று சில பயிற்சிப் பள்ளிகள் போதிக்கும்போது அது மனிதனைப் பற்றிய கோட்பாடாகிவிடுகிறது. கிருபைக்கு அங்கே வேலையில்லை.

கோச்சும் வருபவரும் கிறிஸ்தவர்களானால் அடித்தளம் இருவருக்கும் பொதுதானே, இலக்கையே தட்டிக் கேட்கலாமே என்பது வலுவான மறுப்பு. கேட்கலாம், ஆனால் கேட்கும்போது அவர் கோச்சாக அல்ல, சகோதரனாகக் கேட்கிறார். அந்த வேலைக்குக் கட்டணம் இடைஞ்சல். மருத்துவரும் பணம் வாங்கிக்கொண்டுதான் கசப்பான உண்மையைச் சொல்கிறார் என்பார்கள். ஆனால் சர்க்கரை அளவு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை நோயாளி தீர்மானிப்பதில்லை. கோச்சின் வெற்றிக்கோ வாடிக்கையாளரின் திருப்தியைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. 1742-இல் பிரிஸ்டலில் வெஸ்லியின் மெதடிஸ்டுகள் சிறு வகுப்புகளாகப் பிரிந்ததும் பணத்தால்தான்: கட்டடக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூல். வசூலிக்கப் போன தலைவர்கள் வீட்டு நிலவரத்தைக் கண்டார்கள், ஆத்தும நலத்தை விசாரிக்கத் தொடங்கினார்கள். காசு அவர்கள் பைக்குப் போகவில்லை. அதனால் கேள்வியில் தயவு தாட்சண்யம் தேவைப்படவில்லை.

இதனால் கிறிஸ்தவர் கோச் ஆகக்கூடாது என்று ஆகிவிடாது. அயலானுக்குப் பயன்படும் நேர்மையான தொழில் எதுவும் அழைப்புதான் என்பது லூத்தரின் போதனை. தச்சரின் வேலைக்குக் கிறிஸ்தவ அடைமொழி தேவைப்படாததுபோல் கோச்சின் வேலைக்கும் தேவையில்லை. அடைமொழி சேரும்போதுதான் ஒரு தொழில்முறைச் சேவை மேய்ப்புப் பணியின் அதிகாரத்தையும் கடன்வாங்கிக்கொள்கிறது. தொடக்கத்தில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்திலேயே, உங்கள் இலக்கு சரியா என்று தீர்ப்பது என் வேலை அல்ல, அதற்கு வேறு ஆள் உங்களுக்கு இருக்கவேண்டும் என்று சொல்லிவிடும் கோச்சை நான் மதிப்பேன். அந்த வேறு ஆளைத் தேடினால் பல போதகர்களுக்கு யாரும் இல்லை என்பதுதான் உண்மை நிலவரம். சம்பளத்தை நிர்ணயிக்கும் மூப்பர் குழுவிடம் போய், களைத்துவிட்டேன், ஜெபிக்கவே முடியவில்லை என்று எந்தப் போதகர் சொல்வார்? கோச்சுக்குக் கூட்டம் சேர்ப்பது சபையில் இருக்கும் அந்தப் பயம்தான். சான்றிதழ் தரத்தை உயர்த்துவதாலோ கிறிஸ்தவக் கோச்சிங்கைக் கண்டித்து அறிக்கை விடுவதாலோ அது குறையப்போவதில்லை.