கணிதத் தருக்கத்தின் மொழிப் பள்ளிகள்

கணிதத் தருக்கத்தின் சிந்தனைப் பள்ளிகள் ஒன்றோடொன்று கடுமையாக மோதியவை. என்றாலும் அந்த மரபுக்கு உயிர்நாடியாக ஓர் அளவுகோல் உண்டு. ஒரு நிறுவல் செல்லுமா என்று அறிய எழுதியவரின் பெயரோ படிப்பவரின் ஊகமோ வேண்டாம்; தாளில் இருக்கும் குறிகளே போதும். அன்றாட மொழி இதற்கு இடம் கொடுக்காது. இதற்கென்றே வகுத்த முறைசார் மொழி வேண்டும்.

அத்தகைய மொழியை 1879இல் அமைத்துக் காட்டியவர் ஜேனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரெகே. ‘எல்லாவற்றுக்கும்’ என்பதற்குக் குறி கண்டார். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும் விதியையும் வெளிப்படையாக எழுதினார். அவருடைய பிற்கால அமைப்பில் முரண்பாடு இருப்பதை 1902இல் ரஸ்ஸல் கடிதம் எழுதித் தெரிவித்தார். கோளாறு ஐந்தாம் அடிப்படை விதியில் என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. அந்த மொழியின் மேன்மைக்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை என்பேன்.

கோட்டிங்கனில் ஹில்பெர்ட், குறிகளைப் பொருள் நீக்கி வெறும் வரிவடிவங்களாகப் பார்த்து, கணிதத்தின் முரணின்மையை நிறுவ முனைந்தார். ஆம்ஸ்டர்டாமில் பிரௌவர், கணிதம் மனத்தின் ஆக்கம், மொழி அதற்குப் புறம்பானது என்று மறுத்தார். ஆனால் அவருடைய மாணவர் ஹெய்ட்டிங்கே 1930இல் அந்தக் கொள்கையின் தருக்கத்தை விதிகளாக எழுதினார்!

என் மனம் அதிகம் ஈடுபடுவது வார்சா பள்ளியில். அங்கே லுகாசிவிச், இணைப்புக்குறியை முன்னால் வைத்து அடைப்புக்குறிகளையே ஒழித்தார். ‘எனில்’ என்பதற்கு நாம் ‘எ’ என்று வைத்துக்கொண்டால், ‘ப எனில், க எனில் ப’ என்பது ‘எ ப எ க ப’ ஆகும். இது முறையான சூத்திரமா? ஒன்றில் தொடங்குங்கள். ‘எ’ வந்தால் ஒன்று கூட்டுங்கள், மற்ற எழுத்துக்கு ஒன்று கழியுங்கள்: இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று, சுழியம். கடைசிக் குறியில்தான் முதன்முதலாகச் சுழியம் வருகிறது, ஆகவே முறையானது. ‘ப எ க’வில் முதல் எழுத்திலேயே சுழியம் வந்துவிடுகிறது, தள்ளிவிடலாம். பொருள் தெரியாதவரும் தீர்ப்புச் சொல்லலாம்.

அதே பள்ளியின் டார்ஸ்கி 1933இல் பொருளின் பக்கம் திரும்பினார். போதிய வளமுள்ள ஒரு முறைசார் மொழியால் தன் வாக்கியங்களின் உண்மையைத் தனக்குள்ளேயே வரையறுக்க முடியாது. அதற்கு மேலே இன்னொரு மொழி வேண்டும் என்று காட்டினார். இரண்டாண்டுகளுக்கு முன்பே வியன்னாவில் கேடெல், எண்கணிதத்தை உள்ளடக்கிய முரணற்ற அமைப்பால் தன் முரணின்மையைத் தானே நிறுவ முடியாது என்று காட்டி ஹில்பெர்ட்டின் கனவுக்கு எல்லை வகுத்திருந்தார். ‘உண்மை’ வேறு, ‘நிறுவத்தக்கது’ வேறு என்ற தெளிவு இந்த இருவரால் வந்தது.

இரண்டாம் உலகப் போர் வார்சா பள்ளியைச் சிதறடித்தது. டார்ஸ்கி 1939இல் அமெரிக்கா சென்றதால் தப்பினார். அதே பள்ளியைச் சேர்ந்த லிண்டன்பாம் 1941இல் நாஜிகளால் கொல்லப்பட்டார்.

அந்தப் பள்ளி சிதறினாலும் அதன் பாடம் நிற்கிறது. தருக்கம் பயிலும் இளைஞர்களே, உண்மை அட்டவணையை மனப்பாடம் செய்வதில் தொடங்க வேண்டாம். சூத்திரம் ஆக்கும் விதிகளை முதலில் கையால் எழுதிப் பழகுங்கள்.