தண்ணீரைத் தொடாமல் அளப்பது

வாஷிங் மெஷினின் நீர்மட்ட சென்சார் தண்ணீரைத் தொடுவதே இல்லை. தொட்டியின் அடியில் ஒரு சிறு காற்றறை. அதிலிருந்து மேலே ஏறும் மெல்லிய ரப்பர் குழாய். அதன் முனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வில்லை. நீர் ஏற ஏற, குழாயில் சிக்கிய காற்று இறுகி வில்லைக்குள் இருக்கும் சவ்வைத் தள்ளும். பத்து சென்டிமீட்டர் நீர் தரும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அதையும் உணர்ந்துவிடுகிறது! பழைய வகை 'டிக்' என்று சுவிட்சைத் தட்டும். புதியதில் சவ்வோடு ஒரு ஃபெரைட் துண்டு கம்பிச்சுருளுக்குள் நகர, மாறும் அதிர்வெண்ணை போர்டு படித்துக்கொள்ளும்.

பெங்களூரில் இந்த சென்சாருக்குச் சோதனை அதிகம். காவிரி நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் செய்யப்பட்டு வருகிறது. அது எட்டாத வீடுகளில் போர்வெல், டேங்கர். கடின நீரின் சுண்ணாம்பும் சோப்புப் பசையும் காற்றறையின் வாயை அடைக்கும். மெஷின் நிரம்பியது தெரியாமல் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், அல்லது பாதியில் நின்றுவிடும்.

நல்ல மெக்கானிக் உடனே புது சென்சாருக்காக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு ஓடமாட்டார். பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, குழாயைக் கழற்றி மெல்ல ஊதிப் பார்ப்பார். பாதி நேரம் அடைப்புதான் குற்றவாளி. உண்மையிலேயே சென்சார் பழுது என்றால், அதை மாற்றக் கழற்ற வேண்டியவை ஒரு கனெக்டர், ஒரு குழாய், ஓரிரு திருகுகள். மாடல் எண் பொருந்த வேண்டும். குழாய் மடங்கக் கூடாது.