உரிமை தந்தார்கள், அவகாசம் தரவில்லை

காணி, கடன், மரபுரிமை ஆகிய மூன்றிலும் இலங்கைப் பாராளுமன்றம் அண்மைய ஆண்டுகளில் கைவைத்திருக்கிறது. 2016இல் ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 2022இல் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் திருத்தப்பட்டது. 2024இல் வங்கிகளின் பராட்டே அதிகாரம் இடைநிறுத்தப்பட்டது. கொழும்பிலிருந்து பார்த்தால் மூன்றும் நல்ல சட்டங்கள். நல்ல சட்டமா என்பதை அது போய்ச் சேரவேண்டிய இடத்தில் நின்று பார்ப்பதே முறை. அதற்கு உப்புவெளி பொருத்தமான இடம். திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, நிலாவெளி வீதிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் இந்தக் கரையோரத்திலும் அதன் உட்புறத்திலும் போரில் கைவிட்டுப்போன உறுதிக் காணி உண்டு, அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி உண்டு, வங்கிக்கு ஈடு வைத்துக் கட்டிய விடுதிகளும் உண்டு.

மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். சட்டம் யாரைச் சேர்க்கிறது, யாரை விடுகிறது? எவ்வளவு காலம் தருகிறது? உரிமையை எடுத்துக்கொடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

முதலில் 2016ஆம் ஆண்டுச் சட்டம். அது எதற்காக வந்தது என்று விளங்க 1871ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அந்த ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி, வேறொருவருடைய காணியை அவருக்கு எதிரான உரிமை கொண்டாடி, இடையறாமல் பத்து வருடம் ஆண்டுவந்தால் அது ஆண்டவருக்கே சொந்தமாகும். பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப்போன உறவினருக்கு இது பொருந்தாது. அடாத்தாகப் பிடித்து, வேலி போட்டு, தன்னுடையது என்று ஊரறிய ஆண்டவருக்கே பொருந்தும். அரசாங்கக் காணியில் இந்த வாதம் எடுபடாது. உறங்கிக் கிடக்கும் உரிமையாளருக்குச் சட்டம் துணைநிற்காது என்பதே இதன் அடிப்படை. சமாதான காலத்தில் அது நியாயம். ஆனால் 1983 ஜூலையில் வீடு எரிந்து ஓடியவரையும் 1990 ஜூனில் பிள்ளைகளோடு வள்ளமேறியவரையும் உறங்கிக் கிடந்தவர் என்று எப்படிச் சொல்வது?

அந்த அநீதியைத் திருத்தவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிலிருந்து கழித்துவிடு என்றது. கொள்கை அளவில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருந்து 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்கும், எல்லைக் கிராமங்களை விட்டோடிய சிங்களவர்களுக்கும் அது நேராகவே பொருந்தியது. அந்த அளவுக்குப் பாராட்டத்தான் வேண்டும்.

குறை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, யாரைச் சேர்க்கிறது என்பது. தீவிரவாதப் பயங்கரவாதக் குழு ஒன்றின் நடவடிக்கைகளால் தன் உரிமையைத் தேட முடியாமற்போனவருக்கே இந்தச் சலுகை என்று சட்டம் வரையறுத்தது. திருகோணமலையில் மக்கள் ஓடியதற்கு ஒரே காரணமா இருந்தது? 1983இல் கடற்படைச் சிப்பாய்களே பட்டினத்தில் இறங்கிக் கடைகளையும் வீடுகளையும் கொளுத்தினார்கள். பிறகு சுற்றிவளைப்பு, காடையர் கூட்டம், ஊர்காவற்படை என்று காரணங்கள் அடுக்கடுக்காக வந்தன. எல்லாமே போரின் விளைவு என்று தாராள மனதுள்ள நீதிபதி வாசிக்கக்கூடும். ஆனால் சட்டத்தின் சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ளும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு, உங்களை விரட்டியது இயக்கமா இராணுவமா என்ற ஒற்றைக் கேள்வி போதும். நிரூபிக்கும் சுமை காணியை இழந்தவர் தலையில். அரச படைக்கு அஞ்சி ஓடினேன் என்று உண்மை சொல்பவர் வழக்கில் தோற்கக்கூடும் என்றால், அந்த வரையறை திருத்தப்படவேண்டியது.

இரண்டாவது குறை அதைவிடப் பெரிது. சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்யவேண்டும். சட்டம் சான்றுரைப்படுத்தப்பட்டது 2016 ஏப்ரல் 26. எனவே 2018 ஏப்ரலோடு கதவு மூடிக்கொண்டது.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே காட்டலாம். நிலாவெளி வீதியோரம் பக்கத்துப் பக்கத்தில் இருபது பேர்ச் காணி வைத்திருந்த இரு குடும்பங்கள் 1990இல் வெளியேறின என்று வையுங்கள். ஒரு குடும்பம் இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் ஒதுங்கியது. மற்றது நாட்டுக்குள்ளேயே முகாம் முகாமாக அலைந்தது. 1992இல் இரு காணிகளையும் வேறு ஆட்கள் பிடித்தார்கள். பழைய சட்டப்படி 2002இல் பத்து வருடம் முடிந்து காணி கைமாறிவிடும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கில் பத்து வருடம் 2009 மே மாதத்திலிருந்துதான் ஓடும், 2019 மே மாதத்தில்தான் முடியும். அந்தக் கணக்கின்படி 2018 ஜூனில் வழக்குப் போட்டாலும் உரிமையாளர் வெல்லவேண்டும். ஆனால் இரண்டு வருட வரம்பு ஏப்ரலிலேயே அவரை வெளியே நிறுத்திவிட்டது. ஒரு கையால் கழித்துக்கொடுத்த காலத்தை இதே சட்டம் மறுகையால் பறித்துக்கொண்டது.

இன்னொரு முரணும் இருக்கிறது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சிறுவர், சித்தசுவாதீனம் அற்றவர், கடல் கடந்திருப்பவர் ஆகியோருக்கு எதிராகப் பத்து வருடக் கணக்கு ஓடாது என்கிறது. முப்பது வருடம் ஆளப்பட்டுவிட்டால் மட்டுமே அந்தப் பாதுகாப்பும் போகும். ஆகவே பாக்கு நீரிணையைத் தாண்டி மண்டபத்தில் இருந்தவர் தம் காணிக்கு 2022 வரை வாதாட வழி இருந்தது. நாட்டை விட்டுப் போகாமல், வெள்ளை அரிசிக்கும் பருப்புக்கும் கூப்பனோடு வரிசையில் நின்ற பக்கத்துக் காணிக்காரருக்கு அந்த வழியும் இல்லை. உள்நாட்டு இடப்பெயர்வு என்ற ஒன்றை விக்டோரியா காலத்துச் சட்டம் நினைத்திராதது குற்றமல்ல. இருபத்தாறு வருடப் போரைக் கண்ட பாராளுமன்றம் அதற்கான பரிகாரத்தை இரண்டு வருடத்துக்குள் அடக்கியதுதான் குற்றம்.

எதிர்வாதத்தையும் கேட்கவேண்டும். வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டாமா? காணியைப் பிடித்திருப்பவர் எல்லாரும் அடாத்துக்காரரா? அவர்களிலும் பலர் வேறு ஊரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். சிலர் உறுதி பார்த்து, நொத்தாரிசுக்குக் காசு கட்டி, நம்பி வாங்கியவர்கள். இது வலுவான வாதம். ஆனால் இலங்கையின் உரோம-டச்சுச் சட்டத்திலேயே இதற்கு மருந்து இருக்கிறது. நல்லெண்ணத்தோடு ஆட்சி செய்தவர் தாம் கட்டிய வீட்டுக்கும் செய்த மேம்பாட்டுக்கும் நட்டஈடு கேட்கலாம். அது கிடைக்கும்வரை காணியைக் கைவிடாமலும் இருக்கலாம். இருப்பவரின் உழைப்பைக் காக்க, போனவரின் உரித்தை அழிக்கவேண்டிய தேவை இல்லை.

காலக்கெடு என்ற பொறி 2016ஓடு போய்விடவும் இல்லை. 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரும்படி கேட்டது, தவறினால் அது அரச காணியாகும் என்றது. உறுதி தொலைந்தவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் மூன்று மாதம்! ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, அரசாங்கம் வர்த்தமானியை மீளப்பெற்றது. தடுத்தது நீதிமன்றம்தான். சட்டத்தை வரைபவர்கள் பாடம் படித்ததற்கு அறிகுறி இல்லை.

அடுத்தது பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கொடுத்த காணிக்கு, பெர்மிட்காரர் பின்னுரித்தாளர் ஒருவரை நியமிக்காமல் இறந்தால், மூன்றாம் அட்டவணை தீர்ப்புச் சொல்லும். அந்த அட்டவணையில் மகன்மார் முதலில், மகள்மார் பிறகு. பேரன் முதலில், பேத்தி பிறகு. கிழக்கு மாகாணத்தின் வழக்கத்துக்கு இது நேர் எதிர். இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதே மரபு. மகளுக்கென்று தாய் தகப்பன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு, இருவரும் கண்ணை மூடியதும் காகிதத்தில் மகனுடையதாகிவிடும். எண்பது வருடத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்தது.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண், பெண் என்ற அந்த வேற்றுமையை நீக்கியது. பிள்ளை, பேரப்பிள்ளை, பெற்றார், உடன்பிறந்தார் என்று வரிசை மாறியது. காலக்கெடு ஏதும் வைக்கவில்லை. மூன்று சட்டங்களிலும் இதுவே நேர்மையானது என்பேன். ஆனால் ஒரே வகுப்பில் பலர் இருந்தால் மூத்தவருக்கே முதலிடம் என்ற விதி தொடர்கிறது. மூத்தவர் வெளிநாட்டில் இருக்கும் மகன், தாயைக் கடைசிவரை பார்த்தவர் வீட்டில் இருந்த இளைய மகள் என்றால், புதிய அட்டவணையும் பழைய முடிவையே தரும். காணி துண்டு துண்டாகக்கூடாது என்பது அரசாங்கத்தின் நியாயம். வயலுக்கு அது சரி. பட்டினத்தை ஒட்டிய வீட்டு வளவுக்கு அதையே பிடித்துக்கொண்டிருப்பது சரியல்ல. அதைவிட முக்கியமாக, பின்னுரித்தாளர் நியமனம் முழுவதும் பிரதேச செயலகத்தின் பதிவேட்டில்தான் நடக்கிறது. உரிமையை எடுத்துக்கொடுக்கும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது என்பதை ஊரில் பலருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது, தொழில் செய்பவர்களைத் தொடுவது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குப் பராட்டே அதிகாரத்தைக் கொடுத்தது. கடன் நிலுவையானால் வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றும், வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போடும், ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும். நீதிமன்றப் படியேறத் தேவையில்லை. 50 இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த முதலுக்கு இது பொருந்தாது என்றாலும், கடற்கரையில் பத்து அறை கட்டியவரின் கடன் அந்த எல்லைக்குள் நிற்பது அரிது.

உப்புவெளி விடுதிக்காரரின் கணக்கு எளிது. சீசன் மே முதல் செப்டெம்பர் வரை, தவணை பன்னிரண்டு மாதமும். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு வந்தது, 2020இல் விமான நிலையம் மூடப்பட்டது, 2022இல் பெற்றோலும் இல்லை மின்சாரமும் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. இதில் எது கடனாளியின் கவனக்குறைவு?

2024ஆம் ஆண்டுத் திருத்தம் பராட்டேயை அவ்வாண்டு டிசெம்பர் 15 வரை நிறுத்தியது. பிறகு அவகாசம் 2025 மார்ச் 31 வரை நீண்டது. ஏலக்காரரின் சுத்தியல் நின்றது, வட்டி நிற்கவில்லை. கடனை மறுசீரமைக்க வங்கிகளுக்குள் தொழில் மீட்சிக்கான அலகுகளை அமைக்கும்படி மத்திய வங்கி பணித்தது உண்மை. ஆனால் அந்த அலகும் வங்கியின் அறையில்தான் இருக்கிறது, வங்கியின் சம்பளத்தில்தான் இயங்குகிறது. வைப்பாளர்களின் காசை வங்கி மீட்கத்தானே வேண்டும் என்பார்கள். வேண்டும். அதற்காகக் கடன் கொடுத்தவரே வழக்காளியும் நீதிபதியும் ஏலக்காரருமாக இருக்கவேண்டியதில்லை. ஏலத்துக்கு முன் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு குறுகிய விசாரணை, அதற்குத் தொண்ணூறு நாள் எல்லை என்று வைத்திருந்தால் அது சீர்திருத்தம். பாராளுமன்றம் செய்தது தள்ளிவைப்பு.

ஆகவே தீர்ப்பு இது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தேறியது, மூத்தவர் விதியை வீட்டுக் காணிக்கு எடுத்துவிட்டால் முழுமையாகும். 2024ஆம் ஆண்டு இடைநிறுத்தம் தேறவில்லை, அது வலியை ஒத்திப்போட்டதே தவிர நோயைத் தொடவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் சரியான கொள்கையைத் தவறான அளவில் வெட்டியது. அதை மீண்டும் நிறைவேற்றவேண்டும். யார் விரட்டியது என்ற கேள்வியை எடுத்துவிட்டு, போரால் இடம்பெயர்ந்த எவரும் என்று எழுதவேண்டும். இரண்டு வருட வரம்பை நீக்கவேண்டும். நம்பி வாங்கியவருக்கு நட்டஈட்டைச் சட்டத்திலேயே உறுதிசெய்யவேண்டும்.

அது வரும்வரை வாசகருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பெர்மிட் காணி இருந்தால், பெரியவர் நடமாடும்போதே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போய்ப் பின்னுரித்தாளரைப் பதிந்துவிடுங்கள். உறுதிக் காணி இருந்து நீங்கள் வெளியூரில் இருந்தால், காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவைத் தேடிப் பாருங்கள். வேலிக்குள் வேறொருவர் ஆள்கிறார் என்று தெரிந்த நாளிலேயே சட்டத்தரணியிடம் போங்கள். பத்து வருடம் நீண்ட காலம்போலத் தெரியும், நீதிமன்றத்தில் அது ஒரு நாள் பிந்தினாலும் பிந்தியதுதான்.