ஒரு சட்டச்சொல்லும் அதற்கு வெளியே நிற்கும் மரணங்களும்

மனித மலத்தைக் கையால் அள்ளும் வேலையான ‘மேனுவல் ஸ்கேவெஞ்சிங்’ காரணமாக நாட்டில் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய சமூகநீதித் துறை பதில் அளித்தது. சில நாள்கள் கழித்து அதே துறை, அதே அவையில், வேறொரு கணக்கையும் தந்தது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி வேலை செய்தபோது 1993 முதல் இறந்தவர்கள் 941 பேர். அவர்களில் 213 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். வேறெந்த மாநிலத்திலும் இத்தனை பேர் இல்லை. இந்த இரண்டு பதில்களும் சட்டத்தின் வாசகப்படி ஒன்றோடொன்று முரண்படவில்லை. அதுதான் இந்தச் சொல்லைப் பற்றி நாம் பேசியாக வேண்டிய காரணம்.

முதலில் அது செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு ஊருக்கு ஊர் பெயர் இருந்தது. வடக்கே பங்கி, இங்கே தோட்டி. வேலையின் பெயரும் வசையும் பிறப்பும் ஒன்றாகக் குழைந்த பெயர்கள் அவை. அவமதிக்காமல் அந்த வேலையைக் குறிப்பது அரிதாக இருந்த இடத்தில், 1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சிமொழியில் ஒரு பொதுப்பெயரை வைத்தது. சாதியைச் சொல்லாமல் குற்றத்தைச் சொல்ல முடிந்தது. இந்த வேலையை ஒழிக்கப் போராடும் பெஜவாடா வில்சனும் அவருடைய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் இயக்கமும் 2003-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது கையில் பிடித்துப் போனது இந்தச் சொல்லைத்தான். எங்கள் மாநிலத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று அரசுகள் மறுத்தன. எடுப்புக் கக்கூஸ் இன்னமும் இருப்பதற்கான ஆதாரங்களை இயக்கத்தினர் திரட்டி முன்வைத்தார்கள். சட்டம் பெயர் சூட்டியிருந்ததால்தான் மறுப்பைப் பொய் என்று நிறுவ முடிந்தது. 2013-இல் புதிய சட்டம் வந்ததற்கும், 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993-க்குப் பிறகு சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னதற்கும் பின்னால் அந்த நெடிய உழைப்பு இருக்கிறது.

குறை வரையறையில் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சுகாதாரமற்ற கழிப்பறையில், அதன் மலம் வந்து சேரும் திறந்த சாக்கடையில் அல்லது குழியில், ரயில் தண்டவாளத்தில், அரசு அறிவிக்கும் பிற இடங்களில், மலம் முழுமையாக மட்குவதற்கு முன் அதைக் கையால் அள்ளுபவரே ‘மேனுவல் ஸ்கேவெஞ்சர்’. மூடிய பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் இந்த வாசகத்தில் பெயர் சொல்லப்படவில்லை. அவை ‘அபாயகரமான துப்புரவு’ என்ற இன்னொரு தலைப்பின் கீழ், தனியாகத் தடை செய்யப்பட்டிருக்கின்றன. நாடாளுமன்றத்தில் வந்த இரண்டு பதில்களும் இந்தப் பிளவிலிருந்துதான் பிறந்தன. ஆள்மறைகுழிக்குள் இறங்கிய மனிதருக்கு இந்தப் பிளவு தெரியாது. அவர் கையில் படுவதும் அதே மலம்தான்.

இதைவிடக் கவலை தருவது அந்த வரையறையோடு சேர்த்திருக்கும் விளக்கம். ஒன்றிய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் மலத்தை அகற்றுபவர் ‘மேனுவல் ஸ்கேவெஞ்சர்’ ஆகமாட்டார் என்கிறது அது. ‘மேனுவல்’ என்ற முன்னொட்டு கவனத்தையெல்லாம் கையின் மீது குவித்ததன் விளைவு இது என்றே நான் நினைக்கிறேன். வெறுங்கைதான் குற்றம் என்றால் கையுறை போட்டதும் குற்றம் தீர்ந்துவிடும். ஒரு மனிதரின் கழிவை இன்னொரு மனிதர், அதுவும் தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகங்களைச் சேர்ந்தவர், அகற்றியாக வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குக் கையுறையால் என்ன செய்ய முடியும்?

குழிக்குள் நடப்பது வேறு. தேங்கிய கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடினால் மூக்கின் நுகரும் திறனையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று உள்ளே இருப்பவர் நினைக்கும் நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. மேலே நிற்பவர் அவர் சரிவதைப் பார்த்துக் காப்பாற்ற இறங்குகிறார், அவரும் விழுகிறார். இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே சாவதற்கு இதுதான் காரணம். மறுநாள் நாளிதழ்களில் ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்று வரும். தாக்கியது வாயு என்றாகிவிடுகிறது. இறங்கச் சொன்ன வீட்டுக்காரரும் ஒப்பந்ததாரரும் அந்த வாக்கியத்தில் இல்லை. ஆங்கிலச் சட்டச்சொல் செய்வதையே நம் செய்தித்தமிழும் செய்கிறது: வேலை செய்பவருக்குப் பெயர் இருக்கிறது, வேலை வாங்குபவருக்கு இல்லை. துப்புரவுத் தொழிலாளரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றி அழைத்ததில் மரியாதை கூடியது உண்மை. இந்த ஒரு விஷயத்தில் அதுவும் உதவவில்லை.

சட்டச்சொல்லின் எல்லை பணத்திலும் தெரிகிறது. 2013, 2018 ஆகிய இரு கணக்கெடுப்புகளில் ‘மேனுவல் ஸ்கேவெஞ்சர்’ என்று அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். மறுவாழ்வுக்கான 40,000 ரூபாய் ரொக்க உதவி இந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கானது. சாக்கடையில் இறங்குபவர்களைக் கணக்கெடுக்க 2023-இல் ‘நமஸ்தே’ என்று தனித் திட்டம் தேவைப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்தபின் கிடைக்கும் தொகை வளர்ந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது அவர் யார் என்பதில் சட்டத்துக்கு இன்னும் தெளிவில்லை.

சொல்லைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. முப்பது ஆண்டுப் போராட்டம் அதன் மீது நிற்கிறது, நீதிமன்றத் தீர்ப்புகளும் அதன் மீதே நிற்கின்றன. மாற வேண்டியது வரையறை. பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும், உடை அணிந்தவரை விலக்கும் விளக்கத்தை நீக்க வேண்டும். அப்படித் திருத்தினால் 2021-இல் சொன்ன முதல் பதிலை எந்த அமைச்சரும் இனி அவையில் படிக்க முடியாது.