எரிமலைகளின் நடுவே ஒரு பகல்

நியூசிலாந்து போகிறோம் என்று யாராவது சொன்னால் போதும், டோங்கரிரோவுக்குப் போகிறீர்களா என்றுதான் என் வாயில் முதலில் வரும். வடக்குத் தீவின் நடுவில், உயிருள்ள எரிமலைகளுக்கு இடையே கிடக்கும் நடைபாதை அது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காலையில் தொடங்கினால் ஏழெட்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். இதற்காக மட்டுமே விமானம் ஏறலாம் என்பேன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்!

மாங்காடெபோபோவில் தொடங்கி கெட்டெடாஹியில் முடிப்பதுதான் வழக்கம். தொடக்கம் மேட்டில், முடிவு பள்ளத்தில் என்பதால் ஏற்றம் குறையும். முதல் ஒரு மணி நேரம் சாதுவான பாதை. அப்புறம் 'டெவில்ஸ் ஸ்டேர்கேஸ்' என்ற ஏற்றம் வரும். பேய்க்குப் படிக்கட்டு கட்டியவன் நிச்சயம் மூட்டுவலி இல்லாதவன்! மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் வலப்பக்கம் நவுருஹோய் சிகரம் அப்பழுக்கில்லாத கூம்பாக நிற்கும். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தில் மவுண்ட் டூமாக நடித்த அதே மலை. அதன்மேல் ஏற வேண்டாமென்று அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரி மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது மூதாதை. ஏறாவிட்டால் நமக்கொன்றும் நஷ்டமில்லை, பார்க்கவே ஒரு ஜென்மம் வேண்டும்.

பாதையின் உச்சம் ரெட் கிரேட்டர் என்ற எரிமலைப் பள்ளம். கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம். பள்ளத்தின் உள்சுவர் முழுக்கக் குங்குமமும் செம்மண்ணும் கரியும் குழைத்துப் பூசியதாகத் தெரிகிறது. பாறையிலுள்ள இரும்பு துருவேறிய நிறம் அது. கந்தக வாடை மூக்கில் ஏறும். தரையில் கை வைத்தேன், இளஞ்சூடு. "அண்ணி, இங்கேயே முட்டை அவிச்சிடலாம்" என்றான் கூட வந்த கொழுந்தன்.

அங்கிருந்து திரும்பியதும் கீழே மரகத ஏரிகள். மூன்று ஏரிகள், பச்சையா நீலமா என்று கண்ணுக்கே குழப்பம். சுற்றியுள்ள வெந்நிலத்திலிருந்து கரைந்து வரும் தாதுக்கள்தான் அந்த நிறத்துக்குக் காரணம். ஏரிக்கு இறங்கும் சரிவில் சாம்பலும் பொடிக்கல்லும்தான். நெற்குவியலில் கால் வைத்தது போலக் குதிகால் புதைந்து, ஓர் அடி வைத்தால் மூன்றடி வழுக்கும். பின்னால் வந்த பாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டே குதித்து இறங்கினார். நான் உட்கார்ந்தே இறங்கினேன். அந்தச் சரிவுக்காகவே இன்னொரு முறை போவேன்!

சற்றுத் தள்ளி நீல ஏரி. மவோரிகளுக்குப் புனிதமானது. தண்ணீரைத் தொடக்கூடாது, கரையில் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. புளிசாதப் பொட்டலத்தை மரகத ஏரிப் பக்கமே காலி செய்துவிடுங்கள்.

கடைசி இறக்கம் நீளம், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அலுப்பு. ஆனாலும் 2012-இல் வெடித்த டெ மாரி எரிமலை வாய் பக்கவாட்டில் புகைவதைப் பார்த்தால் கால்கள் தானாக வேகம் பிடிக்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள். குளிர்காலத்தில் பனிக்கோடரி இல்லாமல் நினைக்கவே வேண்டாம். வழியில் குடிநீர் கிடையாது, ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் சுமக்க வேண்டும். தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு என்பதால் ஷட்டில் பஸ்ஸை முன்பே பதிவு செய்துவிடுங்கள். காற்று பலமானால் பஸ் ஓடாது. அதனால் டவுபோ ஊர்ப் பக்கம் ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிற மாதிரி அறை போடுங்கள்.