அறிந்த கதையும் அயராத சுவையும்

கிறிஸ்துமஸ் காலத்துக்கென அமெரிக்கத் தொலைக்காட்சியார் எடுக்கும் காதற்படங்களை, ஒன்றைக் கண்டால் எல்லாம் கண்டதே என ஒதுக்குவோர் பலர். அஃதொன்றே குறையாகாது என்பது நம் கருத்து. பண்டை அரபுக் கஸீதாப் புலவர் பெரும்பாலோர், காதலி நீங்கிய பாழிடத்தில் நின்றே பாடத் தொடங்கினர். கேட்டோர் சலித்தாரில்லை, பழகிய வழியில் புலவன் எங்ஙனம் நடக்கின்றான் என்பதையே நோக்கினர்.

ஹால்மார்க் அலைவரிசை 2006-இல் ஒளிபரப்பிய 'தி கிறிஸ்துமஸ் கார்டு' படத்தை எடுத்துக்கொள்வோம். ஆப்கானிஸ்தானில் போர்புரியும் வீரனொருவனுக்கு, முன்பின் அறியாத பெண்ணொருத்தி எழுதிய வாழ்த்து மடல் கிட்டுகிறது. விடுப்பில் திரும்பியவன் கலிபோர்னியாவின் நெவாடா சிட்டியில் அவளைக் காண்கின்றான். முடிவு நமக்கு அப்போதே விளங்கிவிடுகிறது. ஆயினும், அவள் தந்தையாக எட்வர்ட் ஆஸ்னர் தோன்றும் காட்சிகளில் எழுந்து செல்ல மனம் வருவதில்லை. இவ்வேடத்துக்காக எம்மி விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டதில் வியப்பென்ன?

பழுது வேறிடத்தில் உள்ளது. 2001 முதல் 2021 வரை நீண்ட அப்போர், இங்கே மடல் போய்ச்சேரும் முகவரி என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. அவளை மணக்க எண்ணியிருக்கும் மற்றொருவனையோ வெறுங்கூடாகப் படைத்துவிட்டனர். அவனைப் பிரிவதில் அவளுக்கு நோவே இல்லை. அவனுக்கும் நல்ல காட்சி ஒன்றைத் தந்திருப்பின், படத்தின் பிற்பகுதி இத்துணை மெலிந்திராது.