எண்ணெய் பிரியும் பதம்

மஸ்கோத் அல்வா பொட்டலத்தைப் பிரித்ததும் விரலில் எண்ணெய் ஒட்டும். அதை உடனே துடைத்துவிடாதீர்கள். முகர்ந்து பாருங்கள். நெய் வாசம் வராது, கொப்பரையை ஆட்டிய எண்ணெயின் வாசமும் வராது. அப்போதுதான் துருவிய தேங்காயைக் கையில் அள்ளியது போல ஒரு பச்சை வாசம் வரும். அதன் பின்னாலேயே லேசாகப் பால் சுண்டிய வாசம் தெரியும்.

அந்த அல்வாவில் யாரும் எண்ணெய் ஊற்றவில்லை. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் பக்கத்து முதலூர்தான் அதற்குப் பேர்போன ஊர். மைதாவையோ கோதுமையையோ கரைத்துப் பாலெடுத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவார்கள். தண்ணீர் வற்ற வற்ற, ஒரு கட்டத்தில் தேங்காய்ப்பால் தன் எண்ணெயைத் தானே விட ஆரம்பிக்கும். அல்வா அந்த எண்ணெயிலேயே வெந்து, கண்ணாடியாகி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்.

கடையில் சின்னக் கண்ணாடிப் புட்டியில் 'வெர்ஜின் தேங்காய் எண்ணெய்' என்று விற்பதும் இந்தச் சங்கதிதான். காயவைத்த கொப்பரையைத் தொடாமல் பச்சைத் தேங்காயிலிருந்து, பெரும்பாலும் அதன் பாலிலிருந்து எடுப்பது. பாலைக் காய்ச்சலாம், புளிக்க வைத்துப் பிரிக்கலாம், இயந்திரத்தில் சுழற்றியும் பிரிக்கலாம். காய்ச்சி எடுப்பதைத் தெற்கே உருக்கெண்ணெய் என்பார்கள், பச்சிளங் குழந்தைக்குத் தேய்க்க வீட்டிலேயே காய்ச்சுவார்கள். காசர்கோட்டில் 1916-இல் அன்றைய சென்னை மாகாண அரசு தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் இன்று மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. சிறு தொழில் செய்பவர்கள் இந்த எண்ணெயை எடுப்பதற்கான முறைகளை அங்கே கற்றுத்தருகிறார்கள்.

முதலூர் எங்கே, தொழிற்சாலைகள் சூழ்ந்த எங்கள் ஒரகடம் எங்கே என்று கேட்கலாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது வரை, இந்தப் பக்கம் வேலைக்கு வராத மாவட்டம் இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும் வாரத்தில் இங்குள்ள வாடகை அறை ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பையிலிருந்து மஸ்கோத் வரும். ராமநாதபுரத்துப் பையன் கீழக்கரைத் தொதல் எடுப்பான். நாகர்கோவில்காரர் முந்திரிக்கொத்தை நீட்டுவார். தேங்காய் எண்ணெயை ரசிக்கப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

மூன்றையும் ஒரே தட்டில் வையுங்கள். முதலில் மஸ்கோத். அதில் வேறு மணம் அதிகம் இல்லாததால் எண்ணெய் தன் குரலிலேயே பேசும். அடுத்து தொதல். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து, அதே போல எண்ணெய் பிரியும்வரை கிண்டியது. இலங்கையிலும் உண்டு, மலேசியா, இந்தோனேசியா வரை இதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கருப்பட்டியின் புகை மணம் முன்னால் நிற்க, தேங்காய் பின்னால் போய் அதைத் தாங்கும். கடைசியாக முந்திரிக்கொத்து. பாசிப்பயற்று மாவையும் கருப்பட்டியையும் உருட்டி, கொப்பரை எண்ணெயில் பொரித்தெடுத்தது. இப்போது வித்தியாசம் பிடிபடும். கொப்பரை எண்ணெய் சூட்டுக்கு அஞ்சாமல் நின்று மொறுமொறுப்புத் தரும், அதன் வாசம் முதிர்ந்த வாசம். பால் எண்ணெயின் வாசம் இளசு. பொரிக்கும் சூட்டுக்குக் காய்ச்சினால் அந்த இளமை போய்விடும். வெர்ஜின் எண்ணெயில் பொரிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலை ஓரத்தில் 'மரச்செக்கு' என்று எழுதி விற்பது நல்ல எண்ணெயாகவே இருக்கலாம், ஆனால் அது கொப்பரை எண்ணெய். இரண்டும் ஒன்றல்ல. வெர்ஜின் எண்ணெய் உருகிய நிலையில் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், உறைந்தால் பால் வெள்ளை. புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து முகருங்கள். புளித்த வாடை அடித்தால் ஈரம் சரியாகப் போகவில்லை. தொண்டையில் காறினால் பழையது.

இனி அறையில் இருக்கும் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்யக்கூடிய ஒரு பண்டம். ஒரு கப் தினை மாவை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுங்கள். அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, பொடித்த கருப்பட்டி அரை கப், உப்பு ஒரு சிட்டிகை, மூன்று மேசைக்கரண்டி வெர்ஜின் எண்ணெய் சேர்த்துப் பிசையுங்கள். பிடிபடவில்லை என்றால் இன்னும் ஒரு கரண்டி. முதல் தடவை ஏலக்காய் போடாதீர்கள், எண்ணெயின் வாசத்தை அது மூடிவிடும். பன்னிரண்டு சிறு உருண்டைகள் வரும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஃப்ரிட்ஜ் கட்டாயம். இந்த எண்ணெய் ஏறக்குறைய 24, 25 டிகிரியில் உருகிவிடும். நம் பக்கத்தில் மார்கழி, தை விடியற்காலையில் மட்டுமே தானாக உறையும். ஒரு ஏப்ரல் மாதம் இந்த உருண்டைகளை டிபன் பாக்ஸில் போட்டு கம்பெனி பஸ்ஸில் கொண்டுபோனேன். மதியம் திறந்தால் மாவு தனியாக, எண்ணெய் தனியாகக் கிடந்தது. வெயில் காலத்தில் இது வீட்டுப் பண்டம் மட்டுமே.

உடம்புக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த எண்ணெயில் 90 சதவீதத்துக்குப் பக்கம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் பாதியளவு லாரிக் அமிலம். பச்சைப் பாலிலிருந்து எடுத்ததால் அந்தக் கணக்கு மாறாது. அமெரிக்க இதய சங்கம் 2017-இல் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்றே அறிவுரை சொன்னது. ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 120 கலோரி, கருப்பட்டியும் சர்க்கரையே. இந்தப் பண்டத்தில் நல்லது என்று நான் நம்புவது சிறுதானியத்தையும் அளவையும்தான். ஓர் உருண்டையில் ஒரு தேக்கரண்டிக்கு மிகாத எண்ணெய்தான் இருக்கிறது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மருந்து போலக் காலையில் கரண்டி கரண்டியாகக் குடிக்கும் பழக்கத்தைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இவ்வளவு மணமுள்ள ஒன்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறார்கள்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஓர் உருண்டையைக் குளிரக் குளிர எடுத்து நாக்கில் வையுங்கள். கடிக்க வேண்டாம். வாயின் சூட்டில் முதலில் எண்ணெய் இளகும், தேங்காய் வாசம் உள்ளிருந்து மூக்குக்கு ஏறும். பிறகு கருப்பட்டி கரையும். தினை மட்டும் கடைசிவரை நறநறவென்று பல்லில் நிற்கும். அதற்கு மேல் சர்க்கரை போடாத ஒரு கட்டன் சாயா.